சின்னக் கீறல், பெரிய கீறல்

பின்னாலிருந்து யாரோ குதிகாலுக்கு மேலே ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது. கூடவே, காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். அவள் இறகுப்பந்தைக் கோட்டை விட்டுவிட்டுச் சட்டென்று திரும்பினாள்.

"டேய், சும்மா இருடா!"

பின்னால் யாரும் இல்லை. பச்சைத் தரை, வெள்ளைக் கோடு, சுவரோரமாக அவர்களுடைய பையும் தண்ணீர் பாட்டிலும். அடுத்த ஆடுகளத்தில் இரண்டு பெண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தார்கள்.

வலைக்கு அந்தப் பக்கம் நின்ற கணவன் மட்டையைத் தாழ்த்தினான். அவள் யாரை 'டேய்' என்றாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் வந்து குதிகாலில் எத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல மேற்கூரையை அண்ணாந்து பார்க்கிற ஆள் ஒருவன்தான் இருந்தான். அவளுடைய தம்பி. அவன் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"என்ன ஆச்சு?" என்று கணவன் கேட்டான்.

"தெரியல. யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சு."

ஒரு அடி எடுத்து வைத்துப் பார்த்தாள். இடது பாதம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஈரத்துணி மாதிரி தரையில் சப்பென்று விழுந்தது. வலி பெரிதாக ஒன்றுமில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, காலுறையைக் கீழே இழுத்து, குதிகாலுக்கு மேலே விரல் வைத்துப் பார்த்தாள். கயிறு மாதிரி விறைப்பாக ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. விரல் உள்ளே போனது.

"இங்க ஒண்ணுமே இல்லைங்க" என்றாள், தொலைந்த சாவியைப் பற்றிச் சொல்வது போல.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் அந்த ஆடுகளத்தைப் பதிவு செய்து வைத்தது தம்பிதான். அக்காவும் தம்பியும் ஒரு பக்கம், தம்பிக்கு மாமாவான அவள் கணவன் தனியாக ஒரு பக்கம். தோற்கிறவர் டீ வாங்கித் தர வேண்டும். மாமாதான் எப்போதும் தோற்பார். தம்பி போன பிறகு பதிவை யாரும் நிறுத்தவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதென்று தெரியாமல் இருவரும் அங்கே போனார்கள். பிறகு அதுவே பழகிவிட்டது. புள்ளிகளை எண்ணுவதில்லை. பேசிக்கொள்வதும் இல்லை. பந்து போகும், வரும். நேரம் முடிந்து மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் அவளைக் கவிழ்ந்து படுக்கச் சொன்னார். வலது கெண்டைக்கால் தசையைக் கையால் அமுக்கினார். பாதம் துள்ளியது. இடது காலை அமுக்கினார். பாதம் அப்படியே கிடந்தது. இன்னொரு தடவை அமுக்கினார்.

"குதிகால் தசைநாண் அறுந்துடுச்சு. முழுசா."

"சரி" என்றாள்.

அவள் வேறு ஏதாவது சொல்லுவாள் என்று டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் தலையணை உறையில் அச்சடித்திருந்த மருத்துவமனையின் பெயரைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷன் பண்ணித் தைக்கலாம். அதுலயும் ரெண்டு மூணு விதம் இருக்கு. சும்மா கட்டுப் போட்டே சேர வைக்கிறதும் உண்டு. எதுவா இருந்தாலும் சீக்கிரம் முடிவு பண்ணணும். நாளாக ஆக அறுந்த நுனி ரெண்டும் சுருங்கி மேலயும் கீழயும் போயிடும்" என்று சொன்ன டாக்டர், பின் கணவனைப் பார்த்து, "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்றார்.

கணவன் தலையாட்டினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

*

அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். கப்பலில் இருந்து பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்கிக் கரையில் நிற்கும் லாரிகளில் இறக்குகிற உயரமான கிரேன். லிப்ட் பாதிவரைதான் போகும். அதற்கு மேல் செங்குத்தான இரும்புப் படிகளில் ஏறி, கண்ணாடித் தரை போட்ட சிறிய அறைக்குள் போய் உட்கார வேண்டும். அங்கேயிருந்து குனிந்து பார்த்தால் காலடியில் கப்பல் தெரியும். கீழே இருப்பவர்கள் அவளை 'மேல்வீட்டுக்காரி' என்பார்கள். "மேல்வீட்ல தண்ணி வருதா?" என்று வயர்லெஸ்ஸில் கேட்பார்கள்.

தம்பி இறந்த வாரமே அவள் வேலைக்குத் திரும்பினாள். அங்கே உட்கார்ந்தால் நிம்மதி என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் இரண்டு நெம்புகோல்கள், கீழே ஒரு பெட்டி, அதைக் கவ்வும் இரும்புச் சட்டம், அவ்வளவுதான். அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து போன சொந்தக்காரர்கள், தாய் இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று சமையலறையில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. அவளுக்கும் அதுதான் ஆச்சரியம். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி, தம்பியின் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனை வந்தது.

கணவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகன். நாள் முழுவதும் இருட்டு அறையில், வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா? முதல்லதா, ரெண்டாவதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பான். சிலர் திணறுவார்கள். "ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது, தப்பா சொல்றேனா?" என்று பயப்படுவார்கள். "தப்பே இல்ல. ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சா சரியான இடத்துக்கு வந்துட்டோம்னு அர்த்தம்" என்பான்.

காலில் மாவுக்கட்டோடு, பாதத்தை நீட்டி, அவள் சோபாவில் கிடந்தாள். கட்டுக்குள்ளே பாதம் கீழ்நோக்கி வளைந்திருந்தது. கணவன் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"பெரிசா திறந்து தைச்சா மறுபடி அறுந்து போறது ரொம்பக் குறைவாம்" என்பான் அங்கிருந்து.

"சரி."

"சின்னச் சின்னதா கீறி தைக்கிறது ஒண்ணு இருக்கு. அதுல புண்ணு சீக்கிரம் ஆறும்கிறாங்க. ஆனா நரம்புல ஊசி பட்டுடலாமாம்."

"சரி."

"ஆபரேஷனே வேண்டாம்னா பூட்ஸ் மாதிரி ஒண்ணு போட்டுக்கிட்டு நாள் கணக்கா இருக்கணும். இப்ப அதுலயும் நல்லாவே சேருதாம். என்ன, திரும்ப அறுந்துபோக வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

"சரிங்க."

"எல்லாத்துக்கும் சரின்னா எப்படி?"

அவள் யோசித்துப் பார்த்தாள். எல்லாமே சரியாகத்தான் பட்டது. கால் தன்னுடையது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தகவல் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது போல இருந்தது.

துறைமுகத்திலிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார். "என்னம்மா, மேல்வீட்டைக் காலி பண்ணிட்டியா? யாருக்காவது வாடகைக்கு விட்ரவா?"

"விட்ருங்க சார்."

"அட, சும்மா சொன்னேன். நீ என்ன இப்படிச் சொல்ற?" என்று அவர் குரலை இறக்கினார். "இங்க பாரு, என் மச்சானுக்கு இதே மாதிரி அறுந்துது. கட்டுதான் போட்டான், கத்தியே படல. இப்ப குரங்கு மாதிரி ஏறுறான்."

"சரி சார்" என்றாள். போனை வைத்த பிறகுதான், அவருடைய மச்சானை ஒருமுறை பார்த்திருப்பது நினைவுக்கு வந்தது. ஏறுவதற்கு ஒன்றுமில்லாத வேலை அவனுக்கு. வங்கியில் காசாளர்.

*

முதலில் பார்த்த டாக்டர் வயதானவர். பெரிய மருத்துவமனையில் பெரிய அறை. மேசைமேல் பிளாஸ்டிக் பாதம் ஒன்று, எலும்பும் தசையும் தெரிகிற மாதிரி. அதைக் கையில் எடுத்து, குதிகாலுக்கு மேல் இருந்த வெள்ளை ரப்பர் துண்டைச் சுண்டிக் காட்டினார்.

"இது அறுந்தா கத்தரிச்ச மாதிரி இருக்காது. பிஞ்சு போன கயிறு மாதிரி நார் நாரா இருக்கும். நான் உள்ளங்கை நீளத்துக்குத் திறப்பேன். ரெண்டு நுனியையும் கண்ணால பாத்து, சீவி எடுத்து, சேத்து வச்சுத் தைப்பேன். என்ன செய்யறோம்னு தெரிஞ்சு செய்யலாம்."

கணவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "கண்ணால பாத்து."

"ஆமா. ஆனா இந்த இடத்துல தோல் ரொம்ப மெலிசு. ரத்த ஓட்டமும் கம்மி. பெரிசா கீறினா சிலருக்குப் புண்ணு ஆற அடம்பிடிக்கும்." அவர் அவளுடைய பக்கம் திரும்பினார். "சுகர் இருக்கா?"

"இருக்கு. மாத்திரை சாப்பிடறேன்."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பிளாஸ்டிக் பாதத்தை மேசைமேல் வைத்தார். "பாத்துக்கலாம். ஆனா அதை யோசிக்கணும். சீழ் வச்சு, தையல் விட்டுப்போச்சுன்னா ரொம்ப நாள் இழுக்கும். சின்னக் கீறல்ல பண்றவங்க இருக்காங்க, அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

வெளியே வந்து டாக்ஸிக்குக் காத்திருந்தபோது கணவன், "இவர்கிட்டயே பண்ணிடலாம்" என்றான்.

"சரி. சுகருக்கு என்ன சொன்னார்?"

"அதான் பாத்துக்கலாம்னு சொன்னாரே."

அவள் ஊன்றுகோலில் சாய்ந்தபடி அவனைப் பார்த்தாள். ஒரு வாரமாக அவன் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் மெதுவாக மனதில் ஒழுங்காக வந்து நின்றது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பெரிய கீறல் ஆறுவது கஷ்டம் என்று அவனே நேற்றுக் காலையில் வாசித்துக் காட்டினான். வாசித்துவிட்டு, உடனே சின்னக் கீறலில் வரக்கூடிய நரம்புக் கோளாறுக்குப் போய்விட்டான். எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும் பேச்சு அங்கேதான் போய் முடிந்தது. சின்னக் கீறல் வேண்டாம்.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. டாக்ஸி வந்தது.

தம்பிக்கு மண்டைக்குள் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. தலைவலி என்று போனவனுக்குப் படம் எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. வெடிப்பதற்குள் சரி செய்ய வேண்டும், இரண்டு வழி இருக்கிறது என்றார்கள். மண்டையோட்டைத் திறந்து வீக்கத்தின் அடியில் கிளிப் போடுவது ஒன்று. தொடையில் சின்னதாகத் துளைபோட்டு, மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, உள்ளே கம்பிச் சுருளை அடைப்பது இன்னொன்று. தம்பி மாமாவைப் பார்த்தான். "நீங்கதான் கண்ணு டாக்டராச்சே, நீங்களே சொல்லுங்க மாமா" என்றான். கண் பரிசோதகன் டாக்டர் இல்லை என்று அவன் எத்தனையோ முறை சொல்லியும் தம்பி அப்படித்தான் கூப்பிடுவான். கணவன் படித்தான், நாலு பேரிடம் விசாரித்தான், பிறகு சொன்னான்: "சின்னதே போதும்டா. மண்டையை எதுக்குத் திறக்கணும்?"

குழாய் உள்ளே போய்க்கொண்டிருந்தபோதே அது வெடித்துவிட்டது. அந்த நேரம் கணவன் கீழே டீ வாங்கப் போயிருந்தான். இரண்டு கையிலும் இரண்டு கோப்பையோடு திரும்பி வந்தான். அவளிடம் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கு அந்தக் கோப்பைகளை எங்கே வைப்பது என்ற கவலைதான் முதலில் வந்தது. உட்கார நாற்காலிகள் இருந்தன, கோப்பை வைக்க ஓர் இடம் இல்லை.

*

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா அவள் வயதுக்காரி. அறை சின்னது. அவளைப் படுக்கையில் கவிழ்ந்து படுக்கச் சொல்லி, பேனாவை எடுத்து, மாவுக்கட்டின் மேலேயே வரைந்து காட்ட ஆரம்பித்தார். கணவன் எட்டிப் பார்த்தான்.

"இங்க ஒரு கீறல், என் விரல் அகலம்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசி போற அளவுக்குச் சின்னச் சின்னத் துளை. இதுக்குன்னு ஒரு கருவி இருக்கு, அதை உள்ள விட்டு, மேல் நுனியையும் கீழ் நுனியையும் நூல்ல புடிச்சு இழுத்துக் கட்டிடுவோம். கீறல் சின்னதுங்கிறதால புண்ணு ஆறுறதுல தொந்தரவு கம்மி. உங்களுக்குச் சுகர் இருக்கறதால நான் இதைத்தான் சொல்வேன்."

பிறகு கட்டின் வெளி ஓரமாக நீளமாக ஒரு கோடு போட்டார். "ஆனா இந்த ஓரத்துல ஒரு நரம்பு ஓடுது. சுண்டுவிரல் பக்கம் உணர்ச்சி குடுக்கறது இதுதான். நாங்க அதை நேரா பாக்காம ஊசி விடறோம், இல்லையா, அதனால சில பேருக்கு அது அடிபட்டு, பாதத்தோட இந்த ஓரம் மரத்துப்போகலாம். நடக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது."

"நேரா பாக்காம" என்றான் கணவன்.

"சுத்தமா பாக்கறதே இல்லைன்னு இல்ல. நடுவுல திறக்கறோம். ஓரத்துல—"

"பாக்காம எப்படிங்க செய்ய முடியும்?" அவன் குரல் உயர்ந்தது. "உள்ள என்ன இருக்குன்னு தெரியாம, ஒரு குத்துமதிப்பா... ஏதாவது ஆச்சுன்னா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். கோபப்படவில்லை. இந்த அளவு பயம் காலுக்கானது இல்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

அவள் கவிழ்ந்து படுத்தபடியே கேட்டாள். டாக்டர்களிடம் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. "டாக்டர், பெரிசா கீறித் தைச்சவங்க, சின்னதா தைச்சவங்க, ஒண்ணுமே தைக்காம கட்டுப் போட்டவங்க, எல்லாரும் ஒரு வருஷம் கழிச்சு இந்தக் கதவைத் திறந்துகிட்டு நடந்து வந்தா, யாருக்கு எதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

டாக்டரம்மா யோசித்தார். "தழும்பைப் பாக்காம சொல்ல முடியாதும்மா. முக்காவாசிப் பேர் விஷயத்துல முடியாது."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று கணவன் வெளியே போனான். அவனுடைய போன் மேசைமேல் கிடந்தது.

*

அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் ஊன்றுகோலோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலால் தத்தித் தத்தி இரண்டு படி இறங்கி, அவனுக்குப் பக்கத்தில் உட்காருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கீழே யாரோ வாளியை இழுத்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். படியில் மருந்து வாசனை.

"அந்த அம்மா சொல்றதுதான் சரி" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "உனக்குச் சின்னதுதான் நல்லது. எனக்கு முதல் நாளே தெரியும். எல்லாத்தையும் படிச்சிட்டேன். ஆனா என் வாயால சொல்ல வரல. சொல்லலாம்னு வாயைத் திறந்தா..." அவன் கையை விரித்தான். "அன்னிக்கும் இதே வார்த்தைதான் சொன்னேன். சின்னதே போதும்னு."

"தெரியும்."

"நீ ஒரு வார்த்தை கேக்கல. இன்னிக்கு வரைக்கும். திட்டியிருக்கலாம்ல? எங்க அக்காகூடத் திட்டினா, 'நீ என்ன பெரிய டாக்டரா'ன்னு. நீ சரி சரின்னே இருக்க. என் மேல கோவமா?"

அவள் தேடிப் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள், வீட்டில் ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுப் பார்ப்பது போல. "இல்லைங்க. கோவம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ஒண்ணுமே வரல."

தரை துடைக்கிற ஆள் மேலே வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு, இரண்டு படிகளைத் துடைக்காமல் விட்டுவிட்டு ஏறிப் போனார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் அவள். "அவன் உங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டான்."

"யாரு?"

"தம்பிதான். முந்தின நாள் சாயங்காலம் எங்கிட்ட சொன்னான். 'அக்கா, மொட்டை மட்டும் அடிக்க மாட்டேன். மண்டையைத் திறக்கணும்னா முடியை எடுத்துடுவாங்களாம். இந்தத் தலையை வச்சுத்தான் நான் ஊர்ல பொழைக்கிறேன், மாமாகிட்ட சின்னதுன்னே சொல்ல வச்சிரு'ன்னான். நான் சிரிச்சேன். உங்ககிட்ட சொல்லல. நீங்களா அதையே சொன்னதும் அவன் எனக்குக் கண்ணடிச்சான்."

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமுகிறான் என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். "முடி" என்றான். "அந்த முடி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சீவுவான். என் கடைக் கண்ணாடி எல்லாத்துலயும் அவன் எண்ணெய்க் கை பட்டிருக்கும்." சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. அவன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்றான் நிமிராமல்.

"சொல்லணும்னு தோணல. மறைக்கணும்னும் தோணல. அங்க கிடந்துச்சு, அவ்வளவுதான்."

"நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பான்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். "கேட்டிருப்பான்" என்றாள் அவள். "திட்டிக்கிட்டே கேட்டிருப்பான். மொட்டையோட வந்து நம்ம ரெண்டு பேர் உசுரையும் எடுத்திருப்பான். இல்ல, அதுலயும் போயிருப்பான். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் கைப்பிடியைப் பிடித்து எழ முயன்றாள். அவன் அவளுடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"சின்னதுதான்" என்றாள். "இது நான் சொல்றது. எனக்குப் புண்ணு ஆறணும், மேல ஏறணும். நீங்க சொன்னதா இருக்க வேண்டாம். போய்ச் சொல்லிட்டு வரலாம், வாங்க."

*

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். அவள் கவிழ்ந்து படுத்திருந்தாள். முகத்துக்கு வட்டமாகத் துளை போட்ட தலையணை, அதன் வழியாகத் தரையின் ஓடுகள் தெரிந்தன. கிரேனில் உட்கார்ந்து பார்ப்பது போலத்தான், உயரம் மட்டும் குறைவு. பின்னால் யாரோ அவளைச் சேர்ந்த ஏதோ ஒன்றை இழுத்தார்கள், விட்டார்கள். "நூல்", "இன்னும் கொஞ்சம் இழு", "போதும்" என்று டாக்டரம்மாவின் குரல். அவள் காலைப் பற்றி அவள் இல்லாமலே பேசிக்கொண்டார்கள். இந்த உணர்வு அவளுக்குப் புதிதல்ல. இதற்கு முன் ஊசி போடாமலே இருந்தது.

தள்ளுவண்டியில் வெளியே வந்தபோது கணவன் கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"உக்காரலையா?"

"உக்காரத் தோணல."

"டீ குடிச்சீங்களா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கீறல் சுத்தமாக ஆறியது. மாவுக்கட்டுக்குப் பதிலாக முழங்கால்வரை கனத்த பூட்ஸ் கொடுத்தார்கள். குதிகாலுக்கு அடியில் ஆப்பு மாதிரி துண்டுகள். நாள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக எடுத்து, பாதத்தைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டரம்மா சொல்லியிருந்தது போலவே பாதத்தின் வெளி ஓரம் மட்டும் மரத்திருந்தது. சுண்டுவிரலில் இருந்து கணுக்காலுக்குக் கீழே வரை, யாரோ அங்கே காகிதம் ஒட்டியது போல. திரும்ப வரலாம், வராமலும் போகலாம், மாதக்கணக்கில் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

கணவனால் பொறுக்க முடியவில்லை. தினமும் காலையில் பஞ்சை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் இங்கேயும் அங்கேயும் தொடுவான்.

"இது தெரியுதா?"

"தெரியுது."

"இது?"

"இல்ல."

"இப்ப? இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியுதா?"

"இல்லைங்க."

ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் அவன் முகம் எப்படிப் போகும் என்று கண்ணைத் திறக்காமலே அவளுக்குத் தெரியும். ஒருநாள் காலை, டீ ஆறிக்கொண்டிருந்தபோது, அவன் பஞ்சோடு குனிந்ததும் அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"போதும்! விடுங்க. என் கால் என்ன உங்க கடைக்கு வர்ற கண்ணா? தினமும் இது தெரியுதா, அது தெரியுதான்னு உசுரை வாங்கறீங்க. வந்தா நானே சொல்றேன். வரலேன்னா வரல. பஞ்சைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க முதல்ல!"

தன் குரல் சமையலறைவரை போய்த் திரும்பியதை அவள் கேட்டாள். கன்னம் சூடாகியிருந்தது. இவ்வளவு கோபம் எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

கணவன் பஞ்சைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். யாரோ வெகுதூரத்திலிருந்து ஊருக்குத் திரும்பி வாசலில் நிற்பதைப் பார்ப்பது போலப் பார்த்தான். "சரி" என்றான். "போட்டுடறேன்." குப்பைத் தொட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. டீயைச் சூடாக்கிக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் வாங்கிக் குடித்தாள். ஒரு மணி நேரத்தில் கோபம் வடிந்து, பழையபடி ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. ஆனால் அது வந்து போன இடம் தெரிந்தது.

பூட்ஸைக் கழற்றிய பிறகு பயிற்சி நிலையத்துக்குப் போய்வர ஆரம்பித்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலில் மட்டும் நின்று, குதிகாலைத் தூக்க வேண்டும். நினைத்தால் சிரிப்பு வரும், குழந்தைகூடச் செய்கிற காரியம். அவளுடைய கால் தூங்குகிற நாய் மாதிரி அசையவே இல்லை. பல நாட்கள் அப்படியே போயின. சூப்பர்வைசர் இடையில் போன் செய்து, கால் முழுக்கத் தேறும்வரை கீழே அலுவலகத்தில் உட்கார வேலை தருவதாகச் சொன்னார். "தரைவீடு காலியா இருக்கு, இப்போதைக்கு அதுல குடியிரு." அவள் ஒப்புக்கொண்டாள். அங்கே ஜன்னலுக்கு வெளியே லாரிகளின் சக்கரம்தான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் குதிகால் தரையை விட்டு எழும்பியது. ஒரு விரல் உயரம், அதுவும் நடுங்கிக்கொண்டே. உடனே விழுந்துவிட்டது. பயிற்சி கொடுக்கிற பெண் கைதட்டினாள். கணவன், "பாத்தேன், பாத்தேன், தூக்கிட்ட!" என்றான். அவள் கீழே தன் காலைப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இன்னொரு தடவை செய்து பார்த்தாள். அதுவும் எழும்பியது.

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் கணவன். வெயில் அவர்கள் மடியில் விழுந்தும் விலகியும் வந்துகொண்டிருந்தது. பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அவன் தூங்கிப்போனான். தம்பி போனதிலிருந்து அவன் சரியாகத் தூங்கி அவள் பார்த்ததில்லை. தலை மெல்லச் சரிந்து அவள் தோளில் வந்து நின்றது. கனமாக இருந்தது. அவன் கண்ணாடியின் ஓரம் அவள் தோள் எலும்பில் குத்தியது.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒரு பெண் குடையோடு ஏறினாள். கதவு மூடிக்கொண்டது. அவள் அசையவில்லை.

அவர்கள் தெருவும், தையற்கடையும், பள்ளிக்கூட மதிலும் பின்னால் போயின. அதற்கப்பால் அவள் அதிகம் வந்திராத தெருக்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள், டயர் கடை, காலி மனை. கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் எல்லோரும் இறங்கிய பிறகு ஓட்டுநர் எழுந்து வந்தார்.

"கடைசி ஸ்டாப்மா."

"தெரியுதுங்க. இவர் தூங்கறார்."

ஓட்டுநர் அவனையும் அவளையும் பார்த்தார். "வண்டி திரும்ப இதே வழியாத்தான் போகும். நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். உக்காந்திருங்க."

"உக்காந்திருக்கோம்" என்றாள்.

எஞ்சின் நின்றது. அவள் மெதுவாகக் கையைத் தூக்கி, அவன் காதுகளில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.